தவளத்திலிருந்து கடைக்கு: மாத்தளை முஸ்லிம்கள் கண்ட மாற்றம்

மாத்தளை முஸ்லிம்களின் வாழ்வாதார வரலாற்றைப் பேசும்போது நாம் பெரும்பாலும் கடைத்தெருவிலிருந்தே தொடங்குகிறோம். கடைகளுக்கு முன்பு இருந்தது தவளம்.

கண்டி மன்னர்கள் அகலமான வீதிகளை விரும்பவில்லை. காடும் கணவாயும்தான் அவர்களுக்கு அரண். ஒற்றையடிப் பாதைகளில் பொதி மாடுகளை ஓட்டி, கரையோரத்து உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றை மலைநாட்டுக்கு ஏற்றி, பாக்கை இறக்கியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அரசின் போக்குவரத்துப் பிரிவான 'மடிகே பத்த'விலும் அவர்கள் சேவை செய்தனர்.

1803இல் படையெடுத்து வந்த ஆங்கிலேயர் மாத்தளையில் மெக்டோவல் கோட்டையை அமைத்தனர். அதே ஆண்டில் அதைக் கைவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினர். 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்துடன் இராச்சியம் அவர்கள் கைக்குப் போனது. 1818 கிளர்ச்சிக்குப் பின், படையை விரைவாக நகர்த்த வீதிகள் தேவைப்பட்டன. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் இராஜகாரிய உழைப்பைக் கொண்டு கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. 1832இல் அதில் தபால் வண்டி ஓடியது.

அடுத்து கோப்பித் தோட்டங்கள் வந்தன. மாத்தளைப் பக்கமும் வண்டிப் பாதைகள் நீண்டன. ஒரு மாட்டு வண்டி பல பொதி மாடுகளின் சுமையை இழுத்தது. 1880இல் ரயிலும் மாத்தளைக்கு வந்தது.

தவளக்காரர் பலர் வீதியோர வியாபாரிகளானார்கள். கிராமத்தவரின் நம்பிக்கையும் சிங்கள மொழிப் பழக்கமும் விலை அறிவும் அவர்களிடம் ஏற்கனவே இருந்தன. மாடு போனாலும் அவை கைகொடுத்தன.

இணைய வியாபாரம் நமது கடைகளை நெருக்கும் இன்று, இந்த வரலாறு நமக்குத் தேவை. உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள்.