சூடான காற்றைக் குடிக்கும் கார்

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால், விடியற்காலையில் சென்னையைவிட்டுப் புறப்படும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்த மாத்திரத்தில் பாய்ந்து சென்ற கார், அதே நாள் பிற்பகலில் விழுப்புரத்தைத் தாண்டி ஒரு லாரியை முந்த முயலும்போது தயங்கித் தயங்கி நகர்கிறதே என்ற முறையீட்டுடன் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். பெட்ரோலில் கலப்படம் என்று சிலர் நினைக்கிறார்கள்; பிளக் போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள்; டர்போவே பழுதாகிவிட்டது என்று யாரோ அச்சமூட்டியதன் பேரில் பெருந்தொகையைச் செலவழிக்கச் சித்தமாக வருகிறவர்களும் உண்டு. இவர்களில் ஒரு சாராருடைய வண்டியில் உண்மையில் எந்த இயந்திர உறுப்பும் கெட்டுப்போயிருக்காது. இன்ஜினுக்குள் நுழையும் காற்று, நுழைய வேண்டிய உஷ்ணத்தைக் காட்டிலும் மிகுந்த உஷ்ணத்தோடு நுழைகிறது என்பது ஒன்றே காரணமாயிருக்கும்.

ஒரு லிட்டர் அளவுள்ள மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போவின் துணைகொண்டு ஒன்றரை லிட்டர் இன்ஜினின் வேலையைச் செய்ய வைக்கும் ஏற்பாடு நம் சாலைகளில் சர்வ சாதாரணமாகிவிட்ட பிறகுதான் இந்தச் சங்கடம் குடும்பக் கார் வைத்திருப்பவர்களின் கவலையாக மாறியது. டீசல் வண்டிகள் வெகு காலமாகவே டர்போவுடன் ஓடி வந்திருக்கின்றன என்றாலும், சூடான காற்று டீசல் இன்ஜினின் சக்தியைக் குறைத்துப் புகையைக் கூட்டுமேயன்றி உடனடியாக அதன் உயிர்நிலையைத் தாக்குவதில்லை. பெட்ரோலின் சுபாவம் வேறு. காற்றின் உஷ்ணம் வரம்பு மீறினால், பிளக்கின் பொறியில் எழுந்த தீ சிலிண்டர் முழுவதும் பரவி முடிவதற்குள், ஓரத்தில் எரியாமல் எஞ்சியிருக்கும் கலவை தானாகவே வெடித்து பிஸ்டனைத் தாக்குகிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லுவது இதைத்தான். இன்றைய காரிலுள்ள கம்ப்யூட்டர் அதை உணர்ந்த மறுகணமே பொறியைத் தாமதப்படுத்தி, டர்போவின் அழுத்தத்தையும் தணித்துவிடுவதால் இன்ஜின் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் வண்டியின் இழுவை போய்விடுகிறது, தாமதமாக எரிந்த வாயு மிகுந்த சூட்டோடு வெளியேறுகிறது, அந்தச் சூட்டைத் தணிக்கக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கப்படும்போது மைலேஜும் குறைகிறது.

சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, அமுக்கப்பட்ட காற்று சூடாகும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டர்போவில் அந்தச் சூடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும் ஒரு நாளில், சமவெளியில், காற்றின் அழுத்தத்தை இருமடங்காக்கும் டர்போவின் திறன் எழுபது சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், அதனின்று வெளிவரும் காற்றின் உஷ்ணம் ஏறத்தாழ 138 டிகிரி. அதாவது கொதிக்கும் நீரைக் காட்டிலும் சூடான காற்று. இந்தக் காற்றை அப்படியே சிலிண்டருக்குள் விடுவதற்கில்லை என்பதனால்தான் இடையே இன்டர்கூலர் என்ற கருவி வைக்கப்படுகிறது. அது தன்மீது வீசும் வெளிக்காற்றைக் கொண்டு அந்தச் சூட்டில் பத்தில் ஏழு பங்கை அகற்றினால், இன்ஜினுக்குள் போகும் காற்று 70 டிகிரிக்குச் சற்றுக் குறைவான நிலைக்கு வந்துவிடும். அதே அழுத்தத்தில் அந்தக் காற்றின் அடர்த்தி, 138 டிகிரியில் இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

இனி, இதே காரில், காற்று பம்பருக்கு முன்னாலிருந்து வராமல் பானெட்டுக்குள் தேங்கி நிற்கும் 60 டிகிரிக் காற்றாக டர்போவுக்குள் போகிறதென்று கொள்வோம். டர்போவிலிருந்து வெளிவருவது 164 டிகிரி அளவில் இருக்கும். இருபது டிகிரி ஏற்றம் உள்ளே போய் இருபத்தாறு டிகிரி ஏற்றமாக வெளியே வருகிறது. இன்டர்கூலரின் முகத்திலும் அதே 60 டிகிரிக் காற்றுதான் வீசுகிறது என்றால், அதே இன்டர்கூலர் முன்போலவே பத்தில் ஏழு பங்கை அகற்றினாலும் இன்ஜினுக்குக் கிடைப்பது 90 டிகிரியைத் தாண்டிய காற்று. எந்த உறுப்பையும் மாற்றாமல், டர்போவையோ இன்டர்கூலரையோ தொடாமல், காற்று வரும் வழி ஒன்று கெட்டதனால் மட்டும் இருபது டிகிரிக்கு மேல் இழந்துவிட்டோம் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். என் கவலையெல்லாம் இந்த வழியைப் பற்றியதே.

காரின் பம்பரைக் கழற்றிப் பார்த்தால், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், இன்டர்கூலர் ஆகியவற்றின் இரு பக்கங்களிலும், சில வண்டிகளில் அடியிலும், மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் தகடுகள் பொருத்தப்பட்டிருப்பதையும், அவற்றின் ஓரங்களில் பஞ்சு போன்ற நுரைப்பட்டைகள் ஒட்டப்பட்டிருப்பதையும் காணலாம். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இவை, பம்பரின் வாயில் நுழைந்த காற்றை வேறு எங்கும் போகவிடாமல் இன்டர்கூலரின் இடுக்குகளின் ஊடே போகும்படி நிர்ப்பந்திக்கின்றன. காற்று எப்போதும் தடையில்லாத வழியையே நாடும். இடுக்குகளுக்குள் நெருங்கிப் புகுவதைக் காட்டிலும் பக்கவாட்டில் நழுவிப் போவது அதற்கு எளிது. தகடுகள் இல்லாவிட்டால், ஓடும் வண்டியில் வரும் காற்றில் ஒரு பகுதி இன்டர்கூலரைத் தொடாமலே போய்விடுகிறது. நிற்கும் வண்டியிலோ அதனினும் மோசம்: ஃபேன் பின்னால் இழுத்து விட்ட சூடான காற்று, பக்கவாட்டு இடைவெளி வழியாகத் திரும்பவும் முன்பக்கத்துக்கே வந்து, மறுபடியும் உள்ளே இழுக்கப்பட்டு, ஒரே காற்று மேலும் மேலும் சூடேறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு முக்கியமான தகடுகள் எப்போது காணாமற்போகின்றன? முன்பக்கம் எங்கேயாவது இடித்துக்கொண்டு, வண்டி டிங்கரிங் பெயிண்டிங் வேலைக்குப் போகிறபோதுதான். கிளிப்புகள் பழையனவானால் கழற்றும்போதே ஒடியும். நுரைப்பட்டை வெயிலில் நைந்து பொடியாக உதிரும். தகடே பிளந்திருந்தால் அது குப்பைக்குப் போகும். புதுப் பம்பர் பளபளவென்று ஏறி அமர்ந்த பின், உள்ளே இருந்த தகடு எங்கே என்று கேட்பவர் யார்? வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மார்கழியில் எடுத்துச் சென்ற வண்டி மார்கழி முழுவதும் நன்றாகவே ஓடும். சித்திரை வந்த பிறகு சக்தி குறையும்போது, நான்கு மாதத்துக்கு முன் மாற்றிய பம்பருக்கும் இன்றைய தளர்ச்சிக்கும் சம்பந்தம் உண்டென்று சொந்தக்காரருக்கும் தோன்றாது. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கும் மெக்கானிக்குக்கும், எந்தப் பிழைக் குறியீடும் வராத காரணத்தால், பெரும்பாலும் தோன்றாது.

அலங்காரமும் இதே தீங்கைச் செய்கிறது. கிரில்லின் இடைவெளிகளைக் குறுக்கும் குரோம் அலங்காரங்கள், பம்பரின் கீழ்வாயை மறைக்கும் பெரிய விளக்குகள், பூச்சி வராமலிருக்க உட்புறம் கட்டப்படும் நெருக்கமான வலை, இன்டர்கூலருக்கு நேர் எதிரே திருகப்படும் அகலமான பெயர்ப்பலகை ஆகிய ஒவ்வொன்றும் காற்றின் பங்கில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக் கார்டுகள் பாதசாரிகளின் உயிருக்கு ஆபத்தானவை, சட்டத்துக்கு முரணானவை என்று 2017-ஆம் ஆண்டின் இறுதியிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. பாதசாரியின் உயிருக்கு முன்னால் இன்ஜினின் உஷ்ணம் பெரிதல்ல என்றாலும், அவற்றைக் கழற்றிவிட இது இன்னுமொரு காரணம்.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கிரில்லின் பின்புறம் வரை நீண்டு வெளிக்காற்றை வாங்கிவரும் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளைஞர்கள் பலர், டர்போவின் ஓசை நன்றாகக் கேட்க வேண்டுமென்ற ஆசையில், அந்தப் பெட்டியையும் குழாயையும் எடுத்துவிட்டு, பானெட்டுக்குள் திறந்த நிலையில் ஒரு கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டுகிறார்கள். விற்பவர்கள் அதைக் குளிர்ந்த காற்று தரும் சாதனம் என்றே விற்கிறார்கள். தடுப்புச் சுவரோ முன்னாலிருந்து வரும் தனிக் குழாயோ இல்லாமல் மாட்டினால், அது குடிப்பது டர்போவின் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் காற்றைத்தான். மேலே நாம் போட்ட கணக்கின் இரண்டாம் பகுதியில் டர்போவைப் பற்றிச் சொன்னது அப்படியே பலிக்கும். பிள்ளைகள் வேகத்தை விரும்புவதை நான் குறை சொல்லவில்லை; வேகத்துக்கென்று பணம் கொடுத்து வேகக்குறைவை வாங்கி வருகிறார்களே என்பதுதான் வருத்தம்.

உஷ்ணத்தைத் தணிக்க மனிதர் கண்ட உபாயங்களுக்குக் குறைவில்லை. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஜெட்ஃபயர் என்ற கார், டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதற்கார்களில் ஒன்று. அதில் இன்டர்கூலர் கிடையாது. அதற்குப் பதிலாக, நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித்தொட்டியில் வைத்து, இன்ஜினுக்குப் போகும் கலவையில் தெளித்து நாக்கிங்கை அடக்கினார்கள். ஒரு கிலோ நீர் ஆவியாக 2,250 கிலோ ஜூலுக்கு மேல் உஷ்ணத்தை விழுங்கிவிடும் என்பதால் இது சக்தி வாய்ந்த முறைதான். இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களிலும் கையாளப்பட்டது. ஆனால் ஜெட்ஃபயரின் சொந்தக்காரர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். அது காலியானால் டர்போவின் அழுத்தத்தைத் தடுத்துவிடும் ஏற்பாடு இருந்ததால், வண்டி சக்தியிழந்து தளர்ந்தது. சொந்தக்காரரின் நினைவை நம்பியிருக்கும் எந்தச் சாதனமும் குடும்பக் காருக்கு உகந்ததல்ல என்பது என் அபிப்பிராயம். பெரிய இன்டர்கூலரை மாற்றிப் பொருத்துவதே நிலையான பரிகாரம் என்று வாதிப்பவர்களும் உண்டு. பந்தய வண்டிக்கு அது பொருந்தலாம். அன்றாட வண்டியில், தகடுகள் இல்லாத முன்பக்கத்தில் எவ்வளவு பெரிய இன்டர்கூலரை வைத்தாலும், காற்று அதையும் சுற்றிக்கொண்டே போகும்.

மலைப்பாதைகளில் இந்த விஷயத்துக்கு இன்னொரு முகம் உண்டு. உதகையில் காற்று 20 டிகிரிதானே, அங்கே இன்ஜினுக்கு என்ன கஷ்டம் என்று தோன்றலாம். ஆனால் கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். அங்கும் சமவெளியின் அதே அழுத்தத்தை இன்ஜினுக்குக் கொடுக்க டர்போ முனைந்தால், காற்றை இரண்டரை மடங்குக்கு மேல் அமுக்கியாக வேண்டும். அப்போது வெளிவரும் காற்று 150 டிகிரியை எட்டும். வெயில் கொளுத்தும் சமவெளியைவிடச் சூடாக. பல கார்களின் கம்ப்யூட்டர் டர்போவைக் காப்பாற்ற அந்த அளவுக்கு விடாது என்பது வேறு விஷயம். இன்டர்கூலரின் மீது வீசும் காற்று அங்கே குளிர்ந்தது என்பது பெரும் சகாயம். ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில், முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது, வண்டியின் வேகத்தால் கிடைக்கும் காற்று மிகச் சொற்பம். உள்ள காற்றில் ஒரு துளியையும் வீணாக்காமல் இன்டர்கூலருக்குள் செலுத்தும் தகடுகளின் அருமை அங்கேதான் புலப்படும்.

இன்ஜினுக்குள் போகும் காற்றின் உஷ்ணத்தைக் காட்டும் சிறு கருவியை வாங்கிச் செருகி, செல்போனில் பார்த்துக்கொண்டே ஓட்டும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது எண் ஏறுவதைக் கண்டு கலங்க வேண்டாம்; உணர்கருவி அமர்ந்திருக்கும் இடமே சூடேறுவதால் அப்படிக் காட்டும், வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது, வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து டிகிரிக்குள் இருந்தால் நல்லது. முப்பது நாற்பது என்று விடாமல் நின்றால், முதலில் இன்டர்கூலரின் முகத்தில் படிந்திருக்கும் பூச்சியையும் சேற்றையும் மென்மையான நீர்ப்பாய்ச்சலால் கழுவி, பின்பு டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகு பம்பரைக் கழற்றித் தகடுகளைத் தேட வேண்டும். அதிவேக நீர்த்துப்பாக்கியை நெருக்கமாகப் பிடித்துக் கழுவினால் இன்டர்கூலரின் மெல்லிய இதழ்கள் மடிந்து, காற்றின் வழி நிரந்தரமாக அடைபடும். தண்ணீரால் குளிரூட்டும் வகை இன்டர்கூலர் உள்ள வண்டிகளுக்கும் முன்னால் ஒரு சிறு ரேடியேட்டர் உண்டாகையால், அவற்றுக்கும் இதே நியாயம்தான். கூடவே அதன் சிறு மின் பம்பு சுற்றுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விபத்துக்குப் பின் வண்டியை ஒப்படைக்கும்போது எஸ்டிமேட்டைக் கையில் வாங்கி நிதானமாகப் படிக்க வேண்டியது, தகடுகள் காணாமற்போவது அப்போதுதான் என்பதனால். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாக விலையில் பாதியைக் கழித்துக்கொண்டே பணம் தருவார்கள். கிளிப்பு, திருகு போன்ற சில்லறைச் சாமான்களுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலொழியப் பணமே வராது. பம்பருக்கும் விளக்குக்கும் தவறாமல் வரி எழுதும் எஸ்டிமேட்டில் காற்றுத் தகடுகளும் நுரைப்பட்டைகளும் விடுபட்டுப்போகும் ரகசியம் இதில் இருக்கிறது: யாருக்கும் லாபமில்லாத சாமானை யாரும் எழுதுவதில்லை. பம்பரைக் கழற்றியவுடன், ரேடியேட்டரின் இரு பக்கங்களையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, உடைந்த தகடுகளின் பெயரை எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லி, புதியவை வந்து சேரும் வரை, இரண்டு நாள் தாமதமானாலும், புதுப் பம்பரை ஏற்ற வேண்டாம் என்று ஃபோர்மேனிடம் பிடிவாதமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.