காஞ்சனா: திட்டுவதா, பாராட்டுவதா?

நவம்பரில் எல்லிங்ஸ்ருட்டில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்படி ஒரு சனிக்கிழமை, என் பத்து வயது மகள் அம்மம்மாவோடு இருந்து 'காஞ்சனா' பார்த்தாள்.

ராகவா லாரன்ஸ் படமென்றால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அம்மம்மா விழுந்து விழுந்து சிரிப்பா. எனக்குத் தலையிடி. 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா', பிறகு 2015, 2019 என்று திரும்பத் திரும்ப அதே கத்தல், அதே அடிதடி, அதே பேய்.

அன்றைக்கு மகள் பேய்க்குப் பயப்படவில்லை. "அம்மா, காஞ்சனாவைத் தாய் தகப்பன் ஏன் வீட்டை விட்டுக் கலைச்சவை?" என்று கேட்டாள்.

சரத்குமார் நடித்த காஞ்சனா ஒரு திருநங்கை. வீட்டார் துரத்த, ஒரு முஸ்லிம் பெரியவர் அடைக்கலம் கொடுக்கிறார். தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையைக் காஞ்சனா டொக்டருக்குப் படிக்க வைக்கிறாள். பெரிய நடிகர் ஒருவர் அந்த வேடத்தைக் கேலியாக்காமல் செய்தது சின்ன விசயமில்லை. அதற்கு லாரன்ஸைப் பாராட்டத்தான் வேணும்.

ஆனால் அதே படம்தான், பேய் பிடித்த ஆண் சேலை கட்டுவதைக் காட்டி முதலில் எங்களைச் சிரிக்க வைக்கிறது. அதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

"ஊர் என்ன சொல்லுமெண்ட பயம்" என்றேன்.

"நீங்களும் கலைப்பீங்களா?"

நான் வாய் திறக்கமுதல் அம்மம்மா சொன்னா: "பெத்த பிள்ளையை ஆரும் கலைப்பினமே?"

உங்கள் பிள்ளைகளும் இந்தப் படத்தைப் பார்க்கத்தான் போகினம். தடுக்காதேங்கோ, பக்கத்தில் இருங்கோ. எதற்குச் சிரிக்கினம் என்று கவனியுங்கோ. கேள்வி வந்தால், பதிலை முதலே யோசித்து வையுங்கோ.