பேத்தி கற்றுத் தந்த புத்தாண்டுச் சொற்கள்

முப்பத்தேழு வருஷம் ரயில்வேயில் தண்டவாளத்தோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்குச் சீன மொழி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். என் மகன் ஷாங்காயில் வேலை பார்க்கிறான். 2025 ஜனவரியில் அங்கே போயிருந்தபோது எட்டு வயதுப் பேத்திதான் எனக்கு வாத்தியார்.

முதல் பாடம் ‘சுன்ஜியே’. சுன் என்றால் வசந்தம். ஜியே என்றால் பண்டிகை. இதுவே சீனப் புத்தாண்டு. அதற்கு முந்தைய இரவு ‘சூஷி’.

மீனுக்கு ‘யூ’, மிச்சத்துக்கும் ‘யூ’. அதனால் விருந்தில் மீனை முழுதும் தின்னாமல் மிச்சம் வைப்பார்கள். வருஷமெல்லாம் செல்வம் மிஞ்சும் என்பது நம்பிக்கை. ‘ஃபூ’ என்றால் பாக்கியம். பேத்தி அந்த எழுத்தைக் கதவில் தலைகீழாக ஒட்டியிருந்தாள். திருத்தப் போனேன்.

“ஐயோ தாத்தா, தொடாதீங்க!”

தலைகீழுக்கு ‘தாவ்’, வந்து சேர்வதற்கும் ‘தாவ்’. பாக்கியம் வந்துவிட்டது என்று பொருளாம்!

ரயில்காரனான என்னைப் பிடித்துக்கொண்ட சொல் ‘சுன்யுன்’, அதாவது வசந்தப் போக்குவரத்து. பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்கள் பண்டிகைக்குச் சொந்த ஊர் போய்த் திரும்பும் 40 நாள் நெரிசல் அது. 2025-இல் அது தொடங்கிய நாள் ஜனவரி 14. நமக்கு அன்று பொங்கல்.

எனக்குக் கரக்பூர் ஞாபகம் வந்தது. பொங்கல் சமயம் குளிர்காலம். குளிரில் தண்டவாளம் சுருங்கி முறியும். இரவு ரோந்துக்கு ஆள் வேண்டும். எத்தனையோ பொங்கலுக்கு நான் லீவு கேட்டதில்லை. நம்மவர்களை ஏற்றிக்கொண்டு கோரமண்டல் எக்ஸ்பிரஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சூஷி இரவு குடும்பம் முழுவதும் கூடுவதற்கு ‘துவான்யுவான்’ என்று பெயர். யுவான் என்றால் வட்டம். குறைவின்மை என்றும் பொருள்.

“தமிழ்ல என்ன தாத்தா?” என்றாள் பேத்தி.

சட்டென்று ஒரு சொல் வரவில்லை. கும்பகோணத்தில் பானை பொங்குமுன் என் அம்மா வாசலைப் பார்த்து, “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்பாள். அதைச் சொன்னேன்.

“நீங்க போனீங்களா?”

“பல வருஷம் போகலைம்மா.”

அவள் நோட்டில் சீனச் சொற்களுக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. போகி, கோலம், மஞ்சள் கொத்து, கணு என்று எழுதச் சொன்னேன். ‘ழ’வும் ‘ள’வும் இடம் மாறித்தான் விழுந்தன. இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் பாடம் நடக்கிறது. அவள் எனக்கு இரண்டு சீனச் சொல். நான் அவளுக்கு இரண்டு தமிழ்ச் சொல்.