காட்டுத்தீயும் புவி வெப்பமயமாதலும்

வானம் தெளிந்திருக்கும் சனவரிக் காலையில் திருவனந்தபுரத்தின் மேடான பகுதி ஒன்றில் நின்று கிழக்கே நோக்கினால், நீல நிறத்தில் ஒரு மலைத்தொடர் தெரியும். அகத்தியமலை அத்தொடரில்தான் உள்ளது. அதன் மேற்குச் சரிவு கேரளத்தைச் சேர்ந்தது. கிழக்குச் சரிவு தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கிழக்கே தாமிரபரணி பிறந்து திருநெல்வேலிச் சீமையை நனைக்கிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் பிறந்து அரபிக்கடலை அடைகின்றன. கரமனையாற்றின் பேப்பாறை, அருவிக்கரை அணைகளே திருவனந்தபுரம் நகருக்குக் குடிநீர் தருகின்றன. ஊரில் உள்ள தாத்தாவும் பாட்டியும் தாமிரபரணி நீரைக் குடிப்பவர்களாயின், அவர்களும் நாமும் குடிப்பது ஒரே மலைத்தொடரின் நீரே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளும் இலையுதிர் காடுகளும் கோடையில் தீப்பற்றுவதுண்டு. மலையாள நாளிதழ்கள் அதனைக் 'காட்டுதீ' என்று எழுதுகின்றன. தமிழில் ஒரு 'த்' மிகுந்து 'காட்டுத்தீ' ஆகிறது, வேறுபாடு அவ்வளவே.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெறும் கேரளத்தில் காடு எரிவது எங்ஙனம்? மழை ஆண்டு முழுவதும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. சூன் முதல் நவம்பர் வரை பெய்யும் மழையில் புல் ஆளுயரம் வளர்கிறது. திசம்பருக்குப் பின் மழை குறைகிறது, புல் பழுத்துக் காய்கிறது, மரங்கள் இலையுதிர்க்கின்றன. ஆகவே, நல்ல மழை பெய்த ஆண்டில் எரிபொருளும் மிகுதியாகச் சேர்கிறது. மழை காட்டை வளர்ப்பதோடு, காட்டுத்தீக்கான விறகையும் சேர்த்தே வளர்க்கிறது.

விறகு இருந்தால் மட்டும் போதாது. தீயை யாரேனும் மூட்ட வேண்டும். மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிறக்கும் என்று பழம்பாடல்கள் கூறும். எனினும், இந்தியாவில் நிகழும் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதரால் உண்டாவதே ஆகும். அணைக்காமல் எறியப்பட்ட பீடித்துண்டு, புதிய புல் முளைக்கட்டும் என்று பழைய புல்லுக்கு வைக்கப்படும் நெருப்பு, சமைத்தபின் அவியாமல் விடப்பட்ட அடுப்பு ஆகியன காரணங்களாகின்றன. அப்படியானால், புவி வெப்பமயமாதலுக்கு இதில் என்ன பங்கு?

இதனை நம் வீட்டுக் கொடியில் காணலாம். மழைக்காலத்தில் திருவனந்தபுரத்தில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கும். அதே துணி கோடையில் பாலக்காட்டு வெயிலில் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியசு உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. வெப்பக் காற்று தாகம் மிகுந்த காற்று எனலாம். கடல்மேல் வீசும்போது அது கடல்நீரை உறிஞ்சும். காய்ந்த மலைச்சரிவில் வீசும்போது மண்ணிலும் இலையிலும் சருகிலும் எஞ்சியுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரச் சருகின்மேல் விழும் தீப்பொறி அவிந்துவிடும். உலர்ந்த சருகின்மேல் விழும் பொறியோ காட்டையே பற்றவைக்கும். புவி வெப்பமயமாதல் தீக்குச்சியை உரசுவதில்லை. உரசப்படும் குச்சி அவியாதபடி காட்டை உலர்த்தி வைக்கிறது.

குறிஞ்சியும் முல்லையும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் கூறியுள்ளார். அவர் கண்டது கோடைதோறும் வந்து, மழையோடு நீங்கும் மாற்றம். இன்று நாம் காண்பது அன்னதன்று. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிப்பதால் வெளிப்படும் கரியமில வாயு, புவியின் வெப்பம் விண்வெளிக்குச் சென்றுவிடாமல் தடுக்கிறது. தொழிற்புரட்சிக்கு முற்பட்ட காலத்தைவிட, உலகின் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரிக்கும் மேல் உயர்ந்துள்ளது. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரியைக் கடந்தது. வெப்ப அலை எச்சரிக்கையும் விடப்பட்டது.

உலர்ந்த காடு எத்துணை விரைவாக எரியும் என்பதைத் தமிழகம் 2018 மார்ச் 11 அன்று கண்டது. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு அருகில், கேரள எல்லையை ஒட்டி உள்ள ஊர் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைப் புல்வெளித் தீ சூழ்ந்தது. விமானப்படையின் உலங்கூர்திகள் மீட்புப் பணியில் ஈடுபட்டன. ஆயினும், இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சமநிலத்தைவிட மேட்டை நோக்கியே தீ விரைந்து ஓடும். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலேறி, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதே இதற்குக் காரணம். இதனால்தான் தீக்கு முன்னே மேட்டை நோக்கி ஓடக் கூடாது என்பர். குரங்கணித் தீக்குப் புவி வெப்பமயமாதலே காரணம் என்று கூறிவிட முடியாது. மார்ச் மாதத்துப் புல் எப்போதும் காய்ந்தே இருக்கும். ஆனால், அத்தகைய நாள்கள் ஓர் ஆண்டில் எத்தனை வரும் என்பதை வெப்பமயமாதல் மாற்றுகிறது.

காட்டைக் காப்போர்க்கு இந்த நாள்கணக்கு மிக இன்றியமையாதது. கோடை முற்றுவதற்கு முன்பே வனத்துறையினர் காட்டின் ஊடே நீண்ட பட்டைகளாகப் புல்லையும் சருகையும் அகற்றுவர். தமிழில் இது தீத்தடுப்புக் கோடு. கேரளத்தில் 'ஃபயர் லைன்' என்பதே வழக்கு. அகற்றிய சருகைப் பனியீரம் உள்ள வேளையிலேயே அச்சமின்றி எரிக்க இயலும். ஈரம் விரைவில் வற்றினால் அதற்குரிய நாள்களும் குறையும். தீ வந்தபின், பசுந்தழைக் கிளைகளால் அடித்தே பெரும்பாலும் அணைக்கின்றனர். மலைச்சரிவில் தண்ணீர் வண்டி ஏறாது. திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் 2020 பிப்ரவரி 16 அன்று, தீயணைக்கச் சென்ற வனக்காவலர் மூவர் அத்தீயிலேயே மாண்டனர். காட்டுத்தீச் செய்திகளில் எரிந்த பரப்பு முதலில் கூறப்படும். அதனை அணைக்க நடந்து சென்றவர்களைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இராது.

எரியும் காடு மீண்டும் வெப்பமயமாதலை வளர்க்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். மரம் தன் உடலில் சேர்த்துவைத்த கார்பன், எரியும்போது கரியமில வாயுவாக வெளியேறுகிறது. மறுபடியும் மரம் வளர்ந்தால் அவ்வாயு திரும்ப உறிஞ்சப்படும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். கனடாவில் 2023 ஆம் ஆண்டில் 1.5 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு எரிந்தது. கேரளத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 39 இலட்சம் ஹெக்டேர் என்பதை எண்ணினால் அதன் அளவு விளங்கும். தமிழர் பலர் வாழும் டொராண்டோ நகரையும் அப்புகை மூடியது.

நம் மலைகளில் சோலைக்காடு எளிதில் எரியாது. அதன் நிழலில் மண் ஈரமாகவே இருக்கும். அதனைச் சூழ்ந்த புல்வெளியே முதலில் எரியும். தீ ஆண்டுதோறும் திரும்ப வந்தால், சோலையின் ஓரத்து மரங்கள் கருகிச் சோலை சுருங்கும். வெறுமையான சரிவில் விழும் மழை மண்ணுள் இறங்காமல், மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். மழைக்காலத்தில் ஆறு கலங்கிப் பெருகும். கோடையில் நீரின்றி மெலியும். இம்மாற்றம் பின்னர் அணையிலும், அதன்பின் நம் வீட்டுக் குழாயிலும் தெரியும்.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள்கள் காணும் வெப்பப் புள்ளிகளை வன அலுவலர்களின் கைப்பேசிக்குச் செய்தியாக அனுப்புகிறது. மர நிழலில் ஊர்ந்து செல்லும் சிறு தீ செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். ஆகவே, கோடை முழுவதும் மலைமுகடுகளில் தீக்காவலர்கள் இன்றும் புகை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.