நான்கு விக்கெட் எடுத்தவரின் கைப்பக்குவம்

ஆலங்குளம் பக்கம் கோடையில் கண்மாய் வற்றிவிட்டால் அதுதான் கிரிக்கெட் மைதானம். சுற்றிலும் கரிசல் வெடித்துக் கிடக்கும். நடுவில் மட்டும் தண்ணீர் தெளித்து, மிதித்துக் கெட்டித்த ஒரு பிட்ச். சீமைக்கருவேலங் குச்சி மூன்றை நட்டால் ஸ்டம்ப். டென்னிஸ் பந்தைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வீசுகிற பையன் ஊருக்கு ஒருவனாவது இருப்பான். அவனுடைய முன்கால் எங்கே விழுகிறது, வீசாத கை எந்த நேரத்தில் கீழே இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பரத் அருண் டெஸ்ட் ஆட வந்த காலத்தில் இந்திய அணிக்கே அந்தக் கதிதான். விஜயவாடாவில் பிறந்து தமிழ்நாட்டுக்கு ஆடியவர். 1986 டிசம்பரில், கான்பூரில், இலங்கைக்கு எதிரான முதல் டெஸ்டில் அவருக்கு வயது 24. முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட். அந்தத் தொடரில் இன்னொரு டெஸ்ட், அதோடு சரி. 2 டெஸ்டில் 4 விக்கெட், 4 ஒருநாள் போட்டியில் 1 விக்கெட். 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் அவரும் இருந்தார். பந்துவீச்சுக்கென்று தனிப் பயிற்சியாளர் அணியோடு போகும் வழக்கம் அன்று கிடையாது. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியை அழைத்துவந்து சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையத்தைத் தொடங்கியது 1987இல்தான். அதற்குள் அருணின் டெஸ்ட் கணக்கு முடிந்துவிட்டது.

பயிற்சியாளரான பிறகு வந்த கணக்கு வேறு. 2012 ஆகஸ்டில், டவுன்ஸ்வில்லில் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே வீழ்த்தி 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது தலைமைப் பயிற்சியாளர் அவர். 2014இல் இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் ஆனார். இடையில் விலகி 2017இல் திரும்பி வந்து, 2021 வரை இருந்தார்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது, கை வைக்கக் கூடாத இடம் எது என்று தெரிந்திருந்ததுதான். குறுகிய ஓட்டம், விறைத்து நீண்ட கை என்று வேகப்பந்து வீச்சாளர் பும்ராவின் ஆக்‌ஷன் எந்தப் பாடத்திலும் இல்லாதது. அதைத் திருத்தப் போயிருந்தால் வேகம் போயிருக்கும். அருண் ஆக்‌ஷனை விட்டுவிட்டு, அதைத் தாங்க உடம்பைத் தயார்செய்வதைப் பார்த்தார். 2018-19 ஆஸ்திரேலியத் தொடரில் பும்ரா எடுத்தது 21 விக்கெட். அங்கே இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது.

அதைவிடப் பெரியது 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் ஆஸ்திரேலியாவை இந்தியா வென்றது. முன்னணிப் பந்துவீச்சாளர்கள் எல்லோரும் காயம். அருண் ஹைதராபாத் ரஞ்சி அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது வளர்த்தெடுத்த சிராஜ்தான் வேகப்பந்துக்குத் தலைமை. தந்தை இறந்த செய்தி வந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர், இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். அறிமுக ஆட்டம் ஆடிய நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று. இருவரும் நம்மூர்ப் பிள்ளைகள்.

நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். எங்கள் கண்மாய்ப் பையன்களைப் போலவே டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர். ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர் அண்ணன் அவரைக் கவனித்து, சென்னைக்குக் கூட்டிப்போய் லெதர் பந்தைக் கையில் கொடுத்தார். அந்த ஒரு ஆள் இல்லாவிட்டால் அருண் வரைக்கும் அவர் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது.

அருண் பயிற்சியாளர்கள் குழுவில் இருந்த கொல்கத்தா அணி 2024இல் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். கோப்பையை வென்றது. கோப்பைக்கு எங்கள் பக்கமும் குறைவில்லை; பொங்கல் டோர்னமென்ட்டுக்கு ஆளுயரக் கோப்பையும் ரொக்கமும் கொடுக்க நன்கொடையாளர்கள் தாராளமாக முன்வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கோப்பையின் உயரத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்சப் பணத்தில் வாரம் ஒரு நாள் பந்துவீச்சு சொல்லித்தர ஒரு கோச்சைக் கண்மாய்க்கு வரவழையுங்கள்.