உள்ளே இருந்ததா, வெளியேறும்போது உண்டானதா?

அறுபத்துமூவர் உற்சவத்தில் காஸ்லைட் சுமந்துபோனவர்களை மயிலாப்பூரில் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். யார் தலையில் அது ஏறியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த விளக்கின் மேண்டில் தோரிய உப்பில் தோய்த்த துணிவலை. எரிந்தபின் தொட்டால் உதிரும் அந்த வெள்ளைச் சாம்பலிலிருந்து ஆல்பா துகள்கள் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருந்தன என்பது சுமந்தவருக்கும் தெரியாது, கும்பிட்டவருக்கும் தெரியாது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டை அடையாளம் கண்டார். மணவாளக்குறிச்சி மணல் உலகச் சந்தைக்குப் போனது அதன் தொடர்ச்சி. கயிறு திரித்தவர்கள் இந்தக் கதையில் வருவதேயில்லை.

தோரியம்-232இன் கருவில் 90 புரோட்டான், 142 நியூட்ரான். அது ஒற்றைப் புரோட்டானை உதறுவதில்லை. இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த நால்வராகத்தான், அதாவது ஹீலியத்தின் கருவாகத்தான், வெளியே தள்ளுகிறது. ஏன்? இந்த நால்வரும் பிணையும்போது 28 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் விடுபடுகிறது. வெளியேறுவதற்கான வழிச்செலவு அதிலிருந்து வருகிறது. ஒற்றைப் புரோட்டானிடம் அந்தக் காசு கிடையாது.

அதெல்லாம் சரி, சுவர் ஒன்று இருக்கிறதே. கருவைச் சுற்றியுள்ள மின்விலக்கத் தடையின் உயரம் 25 மில்லியனுக்கும் மேல். ஆல்பாவின் கையிலிருப்பது வெறும் 4. பழைய இயற்பியல்படி அது வெளியே வரவே கூடாது. 1928இல் காமோவும், தனியாகக் கர்னியும் காண்டனும் குவாண்டம் இயக்கவியலை வைத்து விடை சொன்னார்கள்: ஆல்பா சுவரை ஏறிக் கடப்பதில்லை, ஊடுருவிவிடுகிறது, மிகமிகச் சொற்பமான நிகழ்தகவோடு. தோரியத்தின் அரை ஆயுள் 1400 கோடி ஆண்டுகள். அதே சிதைவுத் தொடரில் கடைசிக்குப் பக்கத்தில் வரும் பொலோனியம்-212க்கோ ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆற்றல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆயுளில் வித்தியாசம் 1க்குப் பின்னால் 24 சைபர். கைகரும் நட்டாலும் 1911இலேயே இந்த உறவைப் பார்த்துவிட்டார்கள். காரணம் கிடைக்கத்தான் 17 வருஷம் ஆயிற்று.

எந்தக் கரு எப்போது சிதையும் என்பதற்குக் காரணம் கிடையாது. இதை வைத்துக் 'காரணகாரியம் செத்தது' என்று நம்மில் சிலர் கொண்டாடுவதுண்டு. கொஞ்சம் நிதானம் வேண்டும். தனியொரு கருவைப் பற்றித்தான் வாயடைத்துப் போகிறது; கூட்டத்தைப் பற்றித் துல்லியமாகவே பேசமுடிகிறது.

எனக்கு இதைவிடச் சிக்கலாகப் படுவது வேறு. ஆல்பா முன்பே உள்ளே தனியாக இருந்ததா? காமோவின் கணக்கு 'இருந்தது' என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கியது. ஆனால் உள்ளே ஒரு புரோட்டானை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பெயர் சொல்ல முடியாது. கருவைத் திரவத்துளியாகப் பார்த்தவர் நீல்ஸ் போர் (1960இல் சென்னை வந்தபோது லஸ் சர்ச் ரோட்டில் அல்லாடி ராமகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து, அங்கே கூடிய மாணவர்களோடு பேசியவர்). துளியில் குழுக்கள் ஏது? மறுபக்கம், கார்பனில் மூன்று ஆல்பாக்கள் கூடிய ஒரு கிளர்நிலை இருந்தே ஆகவேண்டும் என்று 1953இல் ஹாயில் வாதிட்டார். அது இருந்தது. கனமான கருக்களிலோ, நெருக்கம் தளரும் விளிம்பில்தான் நால்வர் கூட்டு உருவாகிறது. நடுவில் நசுங்கிக் கரைந்துவிடுகிறது. 2021இல் வெளியான ஒசாகா பரிசோதனையில் வெள்ளீயக் கருக்களைப் புரோட்டானால் அடித்து, மேற்பரப்பிலிருந்து ஆல்பாக்களைத் தெறிக்கவைத்தார்கள். நியூட்ரான் கூடக்கூட அவை குறைந்தன. ஆக, 'இருந்தது' என்பதே இங்கு ஆம்-இல்லை அல்ல, ஓர் அளவு.

'இயற்கையான கதிர்வீச்சுதானே, ஆல்பாவைக் காகிதமே தடுத்துவிடும்' என்று கன்னியாகுமரிக் கடலோர மக்களிடம் சொல்லப்படுவதில் பாதி உண்மை. தோல் தாங்கும். ஆனால் தோரியத்தின் தொடரில் ரேடான்-220 வாயு. 56 வினாடி அரை ஆயுள், ஒரு மூச்சுக்குத் தாராளம். அதன் வழித்தோன்றல்கள் நுரையீரலில் படிந்தால் அங்கே ஏது காகிதம்? கிடக்கிற மணலும், தோண்டி உலர்த்திச் சலித்த தூசியும் ஒன்றல்ல. கிள்ளியூர் தாலுகாவில் 1144 ஹெக்டேரில் மண் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2024இல் ஊர்கள் திரண்டபோது, மோனசைட்டை அள்ளிவிட்டால் கரை சுத்தமாகிவிடும் என்ற பழைய வாதம் மறுபடி வந்தது. அள்ளிய தோரியம் ஏதோவொரு கிடங்கில் போய் உட்காரும், அதே 1400 கோடி ஆண்டு அரை ஆயுளோடு.