உம்மும்மாவின் குரலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?



மஃரிப் தொழுகை முடிந்து வீடு அமைதியாக இருக்கிறது. தூரத்தில் ரம்புக்கனை நிலையத்தில் ரயில் வந்து நிற்கும் ஓசை கேட்கிறது. உங்கள் மகள் ஆங்கிலக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, பாட்டியைப் பற்றிப் பத்து வசனம் எழுத முயல்கிறாள். ஐந்தாவது வசனத்தில் பேனை நின்றுவிடுகிறது.

"உம்மும்மாட குரல் தடிச்ச குரல்தானே, உம்மா? அத இங்கிலிஷ்ல எப்பிடிச் சொல்லுற?"

நீங்கள் என்ன சொல்வீர்கள்? தடிப்பு என்றால் 'திக்' தானே என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் 'திக் வொய்ஸ்' என்றால் அழுகையாலோ தடிமனாலோ குடிபோதையாலோ அடைத்துக் குழறும் குரல் என்று பொருள்! பாவம், உம்மும்மாவைப் பற்றி அப்படி எழுதலாமா? 'தின்' என்றாலும் மெல்லிய இனிய குரல் அல்ல. வலுவில்லாத குரல் என்றே அர்த்தப்படும். தமிழில் குரலைத் தடித்தது, மெலிந்தது என்று அளக்கிறோம். ஆங்கிலமோ உயரம், தாழ்வு, ஆழம் என்று அளக்கிறது. அளவுகோலே வேறு.

சுருதி வேறு, சத்தம் வேறு

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குப் புரிய வையுங்கள். ரயில் நிலையத்தையே உதாரணமாகச் சொல்லலாம். நின்றுகொண்டிருக்கும் எஞ்சினின் உறுமல் தாழ்ந்த சுருதி. கார்டு ஊதும் விசில் உயர்ந்த சுருதி. நீங்கள் விலகிப் போகப் போக இரண்டின் சத்தமும் குறையும். ஆனால் விசில் விசிலாகவும், உறுமல் உறுமலாகவுமே கேட்கும். சுருதி மாறுவதில்லை.

ஆங்கிலத்தில் சுருதிக்கு 'ஹை', 'லோ' என்பார்கள். சத்தத்துக்கு 'லவுட்', 'சொஃப்ட்'. இதில் ஒரு பொறி இருக்கிறது. 'லோ வொய்ஸில் பேசினாள்' என்று எழுதினால் பெரும்பாலும் மெதுவாகப் பேசினாள் என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். 'ரெய்ஸ் யுவர் வொய்ஸ்' என்பதும் சத்தத்தைக் கூட்டுவதுதான். ஆகவே சுருதியைத்தான் சொல்கிறோம் என்று தெளிவாகத் தெரிய, 'ஹை பிட்ச்ட்' என்றும், தாழ்ந்த சுருதிக்கு 'டீப்' என்றும் எழுதுவதே நல்லது.

லுக்மான் அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் குரலைத் தாழ்த்திக்கொள்வதும் ஒன்று என்பதை நாம் அறிவோம். அதுவும் கத்திப் பேசாதிருப்பதைப் பற்றியதே. பிறவியில் அமைந்த சுருதியைப் பற்றியதல்ல.

தொண்டைக்குள் நடப்பது என்ன?

நம் தொண்டையில் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. மூச்சுக்காற்று பட்டு அவை அதிர்கின்றன. வளர்ந்த ஆணின் நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 120 தடவையும், பெண்ணின் நாண்கள் ஏறத்தாழ 200 தடவையும் அதிரும். சிறு பிள்ளைகளுக்கு அது 300 அளவில் இருக்கும். நாண் நீளமாகவும் கனமாகவும் இருந்தால் அதிர்வு குறையும், குரல் ஆழமாகும். பருவ வயதில் பையன்களின் மகரக்கட்டு உடைவது இதனால்தான். ஆங்கிலத்திலும் 'குரல் உடைகிறது' என்றே சொல்கிறார்கள்.

பெண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பிறகு குரல் சற்றுத் தாழ்வது இயல்பு. உம்மும்மாவின் குரல் அவர் இளம் பெண்ணாக இருந்தபோது இருந்ததைவிடத் தடித்திருப்பதில் வியப்பில்லை.

பக்கத்துப் பின்னவலை யானைகளை எண்ணிப் பாருங்கள். நம் காது விநாடிக்கு 20 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைக் கேட்பதில்லை. யானைகளோ அதற்கும் கீழே பேசிக்கொள்கின்றன. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் கேட்டி பெய்ன் என்ற பெண் ஆய்வாளர், ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காதுக்குக் கேட்காத ஓர் அதிர்வை உடம்பில் உணர்ந்தார். அந்த உணர்விலிருந்துதான் இந்த உண்மை வெளிவந்தது.

எந்தச் சொல் எங்கே?

கணீரென்று அறையை நிறைக்கும் குரல் 'பூமிங்'. எலிக்குஞ்சு போன்ற கீச்சுக்குரல் 'ஸ்க்வீக்கி'. காதைக் குத்தும் கீச்சு 'ஷ்ரில்'. கரகரத்த முரட்டுக் குரல் 'க்ரஃப்'. சற்றுக் கரகரத்தாலும் கேட்க இதமானது 'ஹஸ்கி'. தடிமனால் கட்டிப்போனது 'ஹோர்ஸ்'. குதிரைக்கான சொல்லும் காதுக்கு இப்படியே ஒலிக்கும், எழுத்துத்தான் வேறு. பிள்ளைகள் கவனிக்கட்டும். தடிமன் இல்லாமலே குரல் மூன்று வாரத்துக்கு மேல் கட்டியிருந்தால், சொல்லைத் தேடாமல் வைத்தியரைத் தேடுங்கள். சொப்ரானோ, அல்ட்டோ, டெனர், பேஸ் என்பவை பெரும்பாலும் பாடகர்களுக்குரிய பிரிவுகள். பாட்டியைப் பற்றிய கட்டுரைக்கு அவை வேண்டாம்.

வார்த்தையும் சுடும்

சகோதரிகளே, இந்தச் சொற்களில் சில அளவைச் சொல்கின்றன, சில தீர்ப்புச் சொல்கின்றன. 'ஹை பிட்ச்ட்' என்பது அளவு. 'ஷ்ரில்' என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு ஆண்களைவிடப் பெண்கள் மீதே அதிகம் விழுகிறது. 1979 முதல் 1990 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த மார்கரெட் தட்சர்கூட, தம் குரல் கீச்சென்று இருக்கிறது என்ற பேச்சுக்காகப் பயிற்சி பெற்று அதைத் தாழ்த்திக்கொண்டார்.

நம் வீடுகளில் இது தலைகீழாகவும் நடக்கிறது. குரல் சற்றுக் கனத்த பெண்பிள்ளையை 'ஆம்பிளைக் குரல்' என்று கேலி செய்கிறோம். டெலிபோனில் யாரோ அவளைத் தம்பி என்று அழைத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தப் பிள்ளை பிறகு வகுப்பில் எழுந்து வாசிக்கக் கூசுகிறாள். பெண் வந்த வீட்டில் சத்தமில்லாமல் ஒதுங்குகிறாள். குரல் நாணின் நீளத்தை அவளா தேர்ந்தெடுத்தாள்?

ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொடுக்கும் இந்த நேரத்தில் அதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். ஒருவருடைய குரலை அளந்து சொல்லலாம், இழித்துச் சொல்லலாகாது.

இனி மகளின் கொப்பிக்கு வருவோம். ஐந்தாவது வசனத்தை இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'மை க்ராண்ட்மதர் ஹேஸ் அ டீப் வொய்ஸ், பட் ஷீ ஸ்பீக்ஸ் சொஃப்ட்லி.' என் பாட்டியின் குரல் ஆழமானது, ஆனால் அவர் மென்மையாகப் பேசுவார். எழுதி முடித்ததும், அதை உம்மும்மாவுக்கே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.